முப்பத்துநாலாவது ஆள்

சீதா எழுத்து வெட்டிய தகரத் தட்டைத் தேயிலைப் பெட்டியின் மேல் இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் இருந்த கட்டைத் தூரிகையால் குத்திக் குத்தி எழுத்தை இறக்கினாள். தோட்டத்தின் பெயர், தேயிலையின் ரகம், எடை, பெட்டியின் எண். மறுநாள் காலை எட்டு மணி லாரியில் நாற்பது பெட்டிகள் மலையிறங்க வேண்டும். மையும் டர்பன்டைனும் பட்டுப் பட்டு அவள் கட்டைவிரல் மடிப்பு வெடித்திருந்தது. தேங்காயெண்ணெய் தடவினால் ராத்திரிக்குள் மூடும், காலையில் மறுபடி வெடிக்கும். எட்டு வருஷமாக அப்படித்தான்.

அவள் பிறந்தது அதே தோட்டத்துக் கூலி வீட்டு வரிசையில், லயத்தில். பத்து வயதில் முதுகில் கொழுந்துக் கூடை. ஜப்பான்காரன் ரயில் போட இழுத்துக்கொண்டு போன புருஷன் திரும்பவில்லை. அம்மாவும் அந்த வருஷமே செத்துப்போனாள். ஏழு வயதுத் தம்பி கந்தன் அவள் கைக்கு வந்தான். உட்கார்ந்து அழ நேரமில்லாததால் அவள் அழவில்லை. சண்டை முடிந்து தேயிலை ஸ்டோர் மறுபடி திறந்தபோது பெட்டிக்கு எழுத்துப் போட ஆள் கேட்டார்கள். தனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு, அன்று மத்தியானமே கற்றுக்கொண்டாள்.

கந்தனை டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கு அனுப்பினாள். நாட்டில் இஞ்சினியர் வேலை கற்றுத் தர ஒரே ஒரு கல்லூரிதான் இருந்தது. அவன் பரீட்சை எழுதினான். பதில் வந்தது: இடங்கள் முப்பது, நீர் முப்பத்துநான்காவது. அன்றிலிருந்து லயத்தில் அவன் பெயரே முப்பத்துநாலு. இன்னும் ஒரே ஒரு தடவைதான் எழுதலாம். அடுத்த வருஷத்தோடு வயது தாண்டிவிடும்.

சாயங்காலம் தோட்டத்துக் கணக்கர் வேலப்பன் கிராணி பெட்டிகளைப் பார்க்க வந்தார். கையில் பழுப்புக் கவர்.

“இதையும் நாளைக்கு லாரியில அனுப்பணும். கோலாலம்பூர்ல ஏதோ கமிட்டியாம். இஞ்சினியர் காலேஜ் இன்னும் கட்டலாமா, ஒண்ணே போதுமான்னு தோட்டத்துக்குத் தோட்டம் கேட்டிருக்கான்.”

தூரிகை நின்றது. “என்ன எழுதுனீங்க?”

“துரை சொன்னதத்தான். ஒண்ணு போதும்னு.”

“ஏன் போதுமாம்?”

“ஆளு கூடுனா தரம் போயிரும்லா. முப்பது பேருன்னா முப்பதும் முத்து. முந்நூறு பேர உள்ள விட்டு, அரைகுறையா படிச்சவன் பாலம் கட்டினா என்னாகும்?”

“விழும்,” என்றாள் சீதா. அதை அவள் மறுக்கவில்லை. பெட்டியைச் சுவரோரம் தள்ளிவிட்டுத் திரும்பினாள். “கிராணியாரே, காலையில குளிச்சீங்களா?”

“குளிக்காம?”

“பைப்புத் தண்ணியிலயா?”

“பின்ன?”

“அது முப்பத்துநாலாவது ஆளு விட்ட தண்ணி. அந்த முப்பது முத்தும் எங்க இருக்கோ, நம்ம மலைக்கு ஒண்ணும் வரல.”

தேயிலை சலித்துக்கொண்டிருந்த மணியம்மா சிரித்துவிட்டாள். “சுத்தமாத்தான் இருக்காரு, பாரு.”

கிராணிக்கும் தெரிந்த கதைதான். தீபாவளிக்கு முதல் நாள் லயத்துப் பம்பு நின்றது. சுற்றியுள்ள எட்டுத் தோட்டத்துக்கும் சேர்த்து ஈப்போவில் ஒரே இஞ்சினியர். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகள் ரோட்டில் சுடுகிறார்கள், நிலைமை சரியானதும் வருகிறேன் என்று சொல்லி அனுப்பினார். மூன்று மாதம் நிலைமை சரியாகவில்லை. லயத்தைச் சுற்றி முள்கம்பி; கேட் மூடுவதற்குள் பெண்கள் ஓடைக்குப் போய்ச் சுமந்து வரவேண்டும். ஒருத்திக்குக் கரு கலைந்தது, இரண்டு குழந்தைகளுக்கு வயிற்றுக்கடுப்பு. கடைசியில் கந்தன் பழைய மெஷின் பெல்ட்டின் தோலை வட்டமாக அறுத்துப் பம்புக்குள் போட்டான். மறுநாளே தண்ணீர் வந்தது.

“எங்கிட்ட ஏன் பாயுற?” என்றார் கிராணி. “தோட்டம் போதாதுங்குதுன்னா தோட்டத்து ஆளுங்க சேந்து சொல்லணும். அஞ்சு பேரு கூடுனா போலீஸ் பெர்மிட் வேணும். அவசரகாலச் சட்டம். பேசாம எழுத்தப் போடு.”

சீதா இருட்டுவதற்குள் முப்பத்துநாலு பெட்டிகளை முடித்தாள். பாக்கி ஆறு. வீட்டுக்குப் போகும்போது, பெட்டிக்குள் விரிக்கும் காகிதத்தில் ஒரு தாளும் மைத்தட்டும் எடுத்துக்கொண்டாள்.

கந்தன் அதைப் பார்த்ததும் முகம் சுளித்தான். “எனக்காகப் போயி நிக்காத, அக்கா. பிச்சை கேக்குற மாதிரி இருக்கு. துரை வேலையில இருந்து பேர வெட்டிட்டா எங்க போவோம்?”

“உனக்குன்னு யாரு சொன்னா? உனக்கு இடம் கிடைச்சாலும் கிடைக்காட்டியும் பம்பு உடையத்தான் போகுது. பாஸ் பண்ணவனுக்கு உக்கார நாற்காலி இல்லன்னா அது அவன் குத்தமா, நாற்காலி போடாதவன் குத்தமா?”

அவள் கமிட்டிக்குத் தமிழில் எழுதினாள்: நாட்டுக்கு ஒரு கல்லூரி போதாது. எட்டுத் தோட்டத்துக்கு ஒரு இஞ்சினியர் போதாது. எங்கள் பம்பு மூன்று மாதம் ஓடவில்லை. கந்தன் பேனாவை வாங்கி அதையே கீழே இங்கிலீஷில் எழுதினான். தன் பெயரை மட்டும் போடவில்லை.

ஆள் கூடாமல் எப்படி ஆள் சேர்ப்பது என்பதை சீதா தூங்குவதற்கு முன்பே முடிவு செய்திருந்தாள். காட்டுக்காரனுக்குச் சோறு போய்விடக் கூடாதென்று, தினமும் காலையில் கேட்டில் எல்லாரையும் நிற்கவைத்து ஒவ்வொருவராகத் தடவிப் பார்ப்பார்கள். அந்த வரிசையில் சட்டமே எல்லாரையும் நிற்கவைக்கிறது; அதற்குப் பெர்மிட் வேண்டாம்.

காலையில் கேட் காவல்காரன் முனியாண்டி அவள் தாளைத்தான் முதலில் பார்த்தான்.

“உள்ள சோறு இருக்கா?”

“காகிதம்தான்.”

முழுக்கப் படித்தான். அவன் பெண்டாட்டியும் ஓடையில் தண்ணீர் சுமந்தவள். “மை எங்க?” என்று கேட்டுக் கட்டைவிரலை நீட்டினான்.

அதன் பிறகு வரிசை தானாக நகர்ந்தது. கைநாட்டு என்றதும் இரண்டு கிழவர்கள் பின்வாங்கினார்கள். “அடையாளக் கார்டுக்கு வச்ச வெரல்தான, தேஞ்சா போச்சு?” என்று மணியம்மா அவர்களைப் பிடித்து இழுத்தாள். துரையின் ஜீப் வந்து நின்றபோது தாளில் நூற்றுப் பதினெட்டு ரேகைகள்.

துரை வாங்கிப் பார்த்தார். “கூட்டம் போட்டியா?”

“இல்லங்க தொரை. சோறு தேட நீங்கதான் எங்கள நிக்க வச்சீங்க. நின்ன நேரத்துல வெரல வச்சோம்.”

“என் கவர்ல இது போகாது.”

“வேணாங்க. அது உங்க பதிலு.”

“உன் பேர் வெட்டுவேன். தெரியும்?”

“வெட்டலாங்க. ஆறு பெட்டிக்கு இன்னும் எழுத்துப் போடல. லாரி எட்டு மணிக்கு.”

துரை கூட வந்த கிராணியைப் பார்த்தார். கிராணி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். துரை தாளை அவளிடமே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார்.

ஆறு பெட்டிகளும் முடிந்து லாரியில் ஏறின. லாரிக்காரர் அப்துல் சுக்கூர், டவுனில் மளிகைக்கடையும் வைத்திருப்பவர், தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“தாப்பா போஸ்டாபீஸ்ல நானே போட்டுர்றேன் தங்கச்சி. ஆனா மடிச்சு ஒளிச்சா காட்டுக்காரன் கடுதாசின்னு போலீஸ் என்னப் புடிக்கும்.”

“ஏன் ஒளிக்கணும்? கண்ணாடியில ஒட்டுங்க பாய், தாப்பாவுல உரிச்சுக் கவர்ல போட்டுக்கலாம். வழியில நிறுத்துறவன் எல்லாம் படிக்கட்டும்.”

லேபிள் பசையை நான்கு மூலையிலும் தடவி, அவளே லாரியின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக, எழுத்து ரோட்டைப் பார்க்கும்படி ஒட்டினாள். லாரி கேட்டைத் தாண்டிக் கீழே இறங்கியது. சீதா ஸ்டோருக்குள் போய், நாற்பத்தொன்றாம் பெட்டியை இழுத்துப் போட்டுத் தகரத் தட்டை வைத்தாள்.