பாக்கியத்தின் பசுவுக்கு யார் கொடுத்த கிருமி

மாட்டுப் பாலிலும் ஆட்டு மூக்கிலும் மனிதர் கையிலும் மாதிரி எடுத்து, அங்கங்கே கிடைக்கும் ஸ்டெபிலோகாக்கஸ் கிருமிகள் ஒரே வகையா, வேறு வேறா என்று ஒப்பிட்டுப் பார்ப்பது என் உத்தியோகம். மாதிரி கேட்டு வீடு வீடாக அலையும் சக பாவிகளே, என் அலுப்பு உங்களுக்குப் புரியும்.

குச்சியைக் கண்டதும்

மலையகத்தில் ராகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டம். பையிலிருந்து பஞ்சுக்குச்சியை எடுத்ததுதான் தாமதம், தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வாசல் காலி. கொரோனா காலத்தில் மூக்கில் குச்சி விட்டு ஆளை வண்டியில் ஏற்றிப் போனதை யாரும் மறக்கவில்லை. நான் யாரையும் எங்கும் அனுப்பமாட்டேன் என்று மூடிய கதவுகளிடம் தொண்டை வறளச் சொன்னேன். மாட்டுக் கொட்டிலில் நின்ற ஒருவர்தான் இரக்கப்பட்டார்.

"மாட்டுலருந்து ஆரம்பிங்க மிஸ். அதுதான் கட்டிக் கெடக்கு."

கறைக் கை

தலவாக்கலைப் பக்கம் பாக்கியம் என்று ஒருத்தி. கொழுந்து பறிக்கிறவள், ஒரு பசு வளர்க்கிறாள். பசுவுக்கு மடி வீங்கும், மருந்து போட்டால் ஆறும், மறுபடி வீங்கும். பால் எடுக்கும் இடத்தில் பாலைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோளாறு மாட்டில்தான், விற்றுவிட்டு வேறு வாங்கலாம் என்று கணவர் வியாபாரியிடம் பேசிவிட்டார். வியாபாரி அதை எங்கே கொண்டு போவான் என்று அவளுக்குத் தெரியும். சோதனை முடிவு வரும்வரை பொறுக்கும்படி கணவரிடம் கெஞ்சியிருந்தாள்.

பால் மாதிரியில் கிருமி நன்றாக வளர்ந்தது. ஒப்பிட எடுத்த அவள் கை மாதிரியில் ஒன்றுமே இல்லை. திரும்பப் போய் விசாரித்தால், நான் வருகிறேன் என்று டெட்டோல் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவியிருக்கிறாள். அடுத்த முறை கழுவாமல் இருங்கள் என்று கும்பிடாத குறையாகக் கேட்டேன். அவளுக்கு மனமே வரவில்லை.

"ஆபீஸ்லருந்து வர்றவங்ககிட்ட கறக் கையவா நீட்டுறது மிஸ்?"

பொருந்திச்சா?

கழுவாத கையின் மாதிரி கிடைத்தது. ஆய்வுகூடத்தில் மின்சாரம் போய், கிருமி வளர்த்த தட்டுகள் வீணாகின. மறுபடி முதலிலிருந்து. இதற்குள் வியாபாரி இன்னொரு தடவை வந்து மாட்டைப் பார்த்துப் போயிருந்தான். பாக்கியம் தினமும் போனில் அழைத்து, பொருந்திச்சா, பொருந்திச்சா என்று கேட்பாள். இன்னும் இல்லை என்று சொல்லவே எனக்குக் கூச்சமாகிவிட்டது. பக்கத்து மேசை யாழ்ப்பாணத்துக்காரர் ஒருநாள் தலையை நிமிர்த்தினார்.

"உதென்ன பிள்ளை, கிருமி பாக்கிறீரோ, சாதகம் பாக்கிறீரோ?"

முடிவு

பொருந்தியது. பாலில் இருந்தது மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றும் வகை அல்ல, பாக்கியத்தின் விரல் வெடிப்புகளில் இருந்த அதே வகை. கொழுந்து பறித்து வெடித்த விரலோடுதான் அவள் பசுவைக் கறக்கிறாள். நேரில் போய்ச் சொன்னேன். கறக்குமுன் கை கழுவி, வெடிப்புக்கும் மருந்து போட்டால் பசுவைக் காப்பாற்றலாம் என்றும் சொன்னேன். அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளிக் கணவர் நின்றார். அவருக்கு நான் எடுத்துச் சொல்லவா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, அவளே கணவர் பக்கம் திரும்பினாள்.

"மாடு இருக்கட்டுங்க. வேற எத வாங்கிட்டு வந்தாலும் கறக்கப்போறது இந்தக் கைதான்."

கிருமி எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடிக்க எனக்குப் பயிற்சி கொடுத்தார்கள், அதை அந்த முகத்துக்கு நேரே சொல்லத்தான் யாரும் கற்றுத் தரவில்லை.