நவமொழியாரும் பச்சை டிக்கும்

என் அக்காவின் கணவருக்கு ஆபீசில் நவமொழியார் என்று பெயர். ஒன்பது மொழிகளில் வெப்சைட் கட்டுகிறவர் என்பதால் யாரோ கிண்டலாக வைத்தது. அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார். ஆங்கிலமும் தமிழும் போக மிச்ச ஏழு மொழிகளில் அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கேட்கக்கூடத் தெரியாது. ஆனால் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தால் ஒன்பதையும் தானே பெற்று வளர்த்த மாதிரிதான் பேச்சு.

படித்தது வேதியியல். கொஞ்ச காலம் பிரிண்டர் விற்றார். யார் வாங்கினார்களோ தெரியாது, அக்கா விழுந்தாள். பிறகு ஏதோ கோர்ஸ் படித்து இந்த வேலைக்கு வந்தார். பெரிய நிறுவனங்கள் வெப்சைட்டைப் பக்கம் பக்கமாகக் கையால் செய்வதில்லையாம். அதற்கென்று யானை மாதிரி ஒரு மென்பொருள் இருக்கிறது. அதை மேய்ப்பவர் என் மாமா.

அது எப்படி வேலை செய்கிறது என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். குழம்புக் கிண்ணத்தை நடுவில் வைப்பார். அது ஆங்கிலப் பக்கம், தாய்ப் பக்கம். சுற்றிலும் ஸ்பூன்கள். அவை மற்ற மொழிகள். மொழிபெயர்ப்பாளர் எழுதித் தந்ததை ஏற்றினால் அந்த ஸ்பூனுக்குப் பச்சை டிக் விழும். தாய்ப் பக்கத்தில் யாராவது ஒரு வரியை மாற்றினால் போதும், எல்லா ஸ்பூனும் சிவப்பாகிவிடும். பழசாகிவிட்டது, மறுபடி பார் என்று அர்த்தம். இதற்குள் குழம்பு ஆறிப்போயிருக்கும்.

சிவப்பு என்றால் அவருக்கு ஆகாது. எந்த வேலையும் முடியாமல் கிடந்தால் ஆகாது என்று நினைத்துவிடாதீர்கள். முடியாமல் கிடப்பதாகத் தெரியக் கூடாது, அவ்வளவுதான். "மாடிப்படி பல்பு மாத்தியாச்சா?" என்று அக்கா கேட்பாள். "ஆச்சு" என்பார். படி இருட்டாகவே கிடக்கும். "இல்ல, வாங்கணும்னு முடிவு பண்ணியாச்சு" என்பார். இந்த மனுஷனிடம் ஒரு ஆஸ்பத்திரியின் வெப்சைட்டைக் கொடுத்தார்கள்.

ஊரிலேயே பெரிய ஆஸ்பத்திரி. என் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் நடக்க வேண்டியதும் அங்கேதான்.

அம்மா பஸ் டிப்போவில் டிக்கெட் கொடுத்தவள். வாழ்நாளில் பாதியை நின்றே கழித்ததில் முட்டி இரண்டும் தேய்ந்துவிட்டன. அக்கா வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. மழைக்காலம் தொடங்கியதிலிருந்து அம்மா கீழே இறங்கவில்லை. பால்கனியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு தெருவைப் பார்ப்பாள். "ஒரு தடவை இந்தத் தெருக்கோடி வரைக்கும் நடந்துட்டு வந்துட்டா போதும்டி" என்பாள். காத்திருப்போர் வரிசை நீளம். காத்திருந்து காத்திருந்து ஒருவழியாக அம்மாவின் முறை வந்தது.

பரிசோதனைக்குப் போனபோது நர்ஸ், "என்ன பண்ணணும், பண்ணக் கூடாதுன்னு எல்லாம் வெப்சைட்ல இருக்கும்மா. தமிழ்லயே இருக்கு, படிச்சுக்கோங்க" என்றாள்.

அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எங்க மாப்பிள்ளை கட்டினதுதாம்மா அது" என்று நர்ஸிடம் சொன்னாள். டாக்சிக்காரரிடமும் சொன்னாள். வீட்டுக்கு வந்து போனில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்தாள். இதயத்துக்காக அவள் போடும், ரத்தம் கட்டாமல் இருக்கச் செய்யும் மாத்திரையை ஆபரேஷனுக்கு முந்தின நாள் நிறுத்தினால் போதும் என்று இருந்தது. அப்படியே செய்தாள்.

ஆபரேஷன் அன்று பச்சை அங்கியை மாட்டி, சக்கர நாற்காலியில் உட்கார வைத்தார்கள். மயக்க மருந்து டாக்டர் வந்தார்.

"அந்த மாத்திரையை எப்போ நிறுத்தினீங்கம்மா?"

"நேத்து டாக்டர். சைட்ல போட்டிருந்தபடி."

டாக்டர் பேனாவை மூடினார். "ஒரு வாரம் முன்னாடியே நிறுத்தணும்னுதானே போட்டிருக்கோம்? இப்போ கத்தி வெச்சா ரத்தம் நிக்காதும்மா. இன்னிக்கு முடியாது. திரும்ப வரிசையிலதான் வரணும்."

அம்மா அங்கியின் நாடாவைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மாமா என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து லேப்டாப்பை எடுத்தார். "டாக்டர், சைட்ல தப்பு இருக்க வாய்ப்பே இல்ல. பாருங்க, தமிழ் பச்சை" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். மாமியாரை ஆபரேஷன் அறை வாசலிலிருந்து திருப்பி அனுப்புகிறார்கள், இவர் டிக் காட்டுகிறார்.

டாக்டர் ஆங்கிலப் பக்கத்தைத் திறக்கச் சொன்னார். ஒரு வாரம் என்று இருந்தது. தமிழ்ப் பக்கத்தில் முந்தின நாள். ஆங்கிலத்தை எப்போதோ மாற்றியிருக்கிறார்கள், தமிழ் பழையபடியே நிற்கிறது. டாக்டர் உள்ளே போய்விட்டார்.

"மாத்தினா சிவப்பாயிடும்னு சொல்லுவீங்களே மாப்பிள்ளை" என்றாள் அம்மா. ஸ்பூன் பாடம் வீண் போகவில்லை.

"ஆச்சுங்க அத்தை. எது பச்சை, எது சிவப்புன்னு மொத்தமா காட்டற பலகையை ஆஸ்பத்திரிப் பெரியவங்க பார்க்க வர்றதா இருந்தது. ஏகப்பட்ட பக்கம் சிவப்பா கிடந்தது. மொழிபெயர்க்க நேரமில்ல. எல்லாத்தையும் மொத்தமா 'சரிபார்க்கப்பட்டது'ன்னு குறிக்கறதுக்கு ஒரு பொத்தான் இருக்கு..."

"அமுக்கிட்டீங்க."

"எல்லாரும் அமுக்கறதுதான் அத்தை."

"சரிபார்த்தீங்களா?"

மாமா லேப்டாப்பை மூடினார்.

"மத்த பாஷைய விடுங்க. தமிழ் உங்களுக்குப் படிக்கத் தெரியுமே மாப்பிள்ளை?"

ஒன்பதில் ஏழு தெரியாது, போகட்டும். தெரிந்த மொழியைக்கூடப் படித்துப் பார்க்காதவருக்கு நவமொழியார் என்று ஒரு பேர்!

வீடு திரும்பியதும் அம்மாவை நாற்காலியோடு மூன்று மாடி தூக்க வேண்டியிருந்தது. காவலாளி முன்னால், மாமா பின்னால். மாமா இருட்டில் கால் தவறி முட்டியை இடித்துக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாள் பல்பு எரிந்தது.

அதற்குப் பிறகு அம்மா அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தப்பித்திருப்பார். தினமும் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்ததும், "மாப்பிள்ளை, அந்தத் தமிழ்ப் பக்கத்தைக் கொஞ்சம் படிங்க, கேக்கறேன்" என்பாள். பால்கனியில் இன்னொரு நாற்காலி. இவர் பக்கம் பக்கமாகத் தமிழை உரக்கப் படிப்பார். நான் போனில் ஆங்கிலப் பக்கத்தை வைத்துக்கொண்டு ஒத்துப் பார்ப்பேன். நன்றாக மாட்டிக்கொண்டார். சர்க்கரை நோயாளிகள் எப்போது சாப்பிடலாம் என்பது பழசு. பிரசவ வார்டு வேறு கட்டடத்துக்குப் போய்விட்டது, தமிழில் மட்டும் அது இன்னும் பழைய இடத்திலேயே இருந்தது. ஒவ்வொன்றாகச் சிவப்பாக்கி, மொழிபெயர்ப்பாளருக்கு அனுப்பி, வந்ததைப் படித்த பிறகே பச்சையாக்கினார். தமிழ் மட்டும் ஏன் இப்படிச் சிவப்பாக இருக்கிறது என்று மேலதிகாரி மீட்டிங்கில் கேட்டாராம். "எங்க மாமியார் படிக்கிறாங்க சார்" என்றாராம் மாமா. ஆபீஸே சிரித்திருக்கிறது. இந்தத் தடவை அதைப் பட்டமாக எடுத்துக்கொள்ள அவரால் முடியவில்லை.

மறுபடி அம்மாவின் முறை வந்தது. மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தியிருந்தாள். அதே அங்கி, அதே டாக்டர். கட்டிலைத் தள்ளிக்கொண்டு போகும்போது மாமா கூடவே நடந்தார்.

"தமிழ் மொத்தமும் படிச்சு முடிச்சாச்சு அத்தை. ஒரு பக்கம் பாக்கியில்ல" என்றார். நிஜமாகவே முடித்திருந்தார். முகமெல்லாம் பெருமை.

கதவருகில் அம்மா கட்டிலை நிறுத்தச் சொன்னாள்.

"சந்தோஷம் மாப்பிள்ளை. மத்த ஏழு பாஷைக்காரங்க வீட்லயும் ஒரு மாமியார் இருப்பா இல்ல? அவளுக்கு யார் படிச்சுப் பாக்கறா?"

மாமா வாயைத் திறந்தார். "ஆச்சு" என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதுகூட வரவில்லை. கதவு மூடிக்கொண்டது.

அம்மா இப்போது படியிறங்கித் தெருக்கோடி வரை நடந்துவிட்டு வருகிறாள். அந்த ஏழு மொழிகளும் பலகையில் இன்னும் பச்சையாகத்தான் இருக்கின்றன.