மாதாவின் அம்மாவுக்கு ஒரு கறுத்த பொட்டு

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். இடையிடையே சிரிக்கிறாள்.

இங்கே டீட்டிகோன் என்ற ஊரில் எங்களுக்குக் கீழ்வீட்டில் ஓர் இத்தாலிக்காரர் இருக்கிறார். இளந்தாரியாக இந்த நாட்டுக்கு வந்து வீட்டுச் சுவர்களுக்குப் பெயின்ற் அடித்தவர். கிழமை நாளில் சுவர், ஞாயிற்றுக்கிழமையில் சாமிப்படம். இப்போது பென்ஷன், அதனால் எல்லா நாளும் சாமிப்படம்தான். உடுப்புத் தோய்க்கிற அறையில்தான் எங்களுக்குப் பழக்கம். இங்கே தோய்க்கவும் முறைநாள் உண்டு; அவருடைய நாளுக்கு அடுத்தது எங்களுடையது. மெஷினுக்குள் நீலப் பெயின்ற் ஒட்டிக் கிடக்கும். என் நல்ல சேலை ஒன்று, சரி, அதை விடுவோம். இந்த ஊர்ப் பாஷை டொச்; அவருடைய டொச்சும் என்னுடைய டொச்சும் ஒரே அளவு. ஆகவே வடிவாகக் கதைப்போம்.

ஒருநாள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மாதாவின் அம்மாவைப் படமாகக் கீற வேண்டுமாம், என் முகம் வேண்டுமாம். நாங்கள் சைவ சமயம்தான், ஆனாலும் மாதாவிடம் போகாத ஆட்களோ? அவவிடம் எல்லாம் கேட்டிருக்கிறேன். அவவுக்கு ஓர் அம்மா இருந்திருப்பா என்று மட்டும் நினைத்ததே இல்லை.

அவருடைய குசினியில் இருத்தினார். கையில் தடித்த புத்தகம் ஒன்றைத் தந்தார். படத்தில் அந்த அம்மா மகளுக்கு வாசிக்கச் சொல்லிக் கொடுக்கிறாவாம். எனக்கு எழுத்தே தெரியாது என்றேன். பரவாயில்லை, அது சமையல் புத்தகம் என்றார். தலைகீழாகப் பிடித்தேனோ என்று இன்றைக்கும் யோசனை. அவருக்குக் கண் மங்கிக்கொண்டு வந்தது. இதுதான் தான் கீறும் கடைசி முகம் என்றார்.

இத்தாலிக்காரர் கும்பிடும் சேர்ச்சில் படத்தை மாட்டினார்கள். குடும்பமாகப் போனோம். சுவரில் நான், தலையில் பச்சை முக்காடு. முன்னால் பூ, வரிசையாக மெழுகுதிரி. சந்தோஷத்தில் எனக்குப் புளுகம் தாங்கவில்லை. மகன் படத்தையும் மெழுகுதிரிகளையும் மாறி மாறிப் பார்த்தான். காரில் ஏறிய பிறகுதான் தொடங்கினான்.

"படத்துக்குப் பூ வைச்சு விளக்குக் கொளுத்துறது செத்த ஆக்களுக்கு, அம்மா. நீங்கள் குத்துக்கல்லு மாதிரி இருக்கிறியள்."

"அது மாதாவின்ர அம்மாவடா."

"மூக்கு ஆற்ற மூக்கு?"

மூக்கு என்னுடையதுதான்.

படத்தைக் கழற்றச் சொல்லப்போகிறேன் என்றான். எனக்கு ஒரே குழப்பம். நாளைக்கு எனக்கு ஒன்று ஆகிவிட்டால் விளக்கால்தான் என்பான். கழற்றினால் அந்த மனுசனின் கடைசிப் படம் நிலவறைக்குப் போகும். இன்னொரு முகம் கீற அவருக்குக் கண் இல்லை. எது பெரிய பாவம்?

பேரப்பிள்ளைக்கு நாவூறு படாமல் கன்னத்தில் கறுத்த பொட்டு வைக்கும்போதுதான் எனக்கு ஒரு வழி ஓடி வெளித்தது: முகத்தில் ஒரு கறை இருந்தால் கெடுதல் அண்டாது. அந்தப் பொட்டோடு பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கீழே இறங்கினேன். படத்துக்கும் இப்படி ஒன்று வையுங்கள் என்று கையால் காட்டினேன். புனிதரின் முகத்தில் கறையோ என்று அவர் தயங்கினார். உயிர், கண், விளக்கு என்று எனக்குத் தெரிந்த டொச் எல்லாம் சொன்னேன். விளங்கியதோ தெரியாது. பிள்ளையின் கன்னத்தைக் கிட்ட வந்து பார்த்தார். பிறகு தூரிகையை எடுத்தார்.

சேர்ச்சில் அவர் ஏணியில் ஏற, நான் பிடித்துக்கொண்டேன். ஒரு தொடுகை, அவ்வளவுதான். இறங்கி நின்று, சரியான இடத்திலோ என்று என்னைக் கேட்டார். கீழே நின்று பார்க்க அவருக்குத் தெரியவில்லை. பொட்டு கொஞ்சம் நாடிப் பக்கமாக இறங்கியிருந்தது. சரி என்றேன்.

அடுத்த ஞாயிறு மகன் கிட்டப் போய்ப் பார்த்தான்.

"இது நீங்கள் இல்லை அம்மா. உங்களுக்கு அதில மச்சம் இல்லை. இனி விளக்கு எரியட்டும்."

படம் தப்பியது. நானும் தப்பினேன். ஆனால் ஒரு கிழமையாக நானாக இருந்தவ இப்போது ஆர்? பக்கத்தில் நின்ற ஓர் இத்தாலிக்காரி தன் மெழுகுதிரியைக் கொளுத்திவிட்டு எனக்கும் ஒன்றை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. அந்த மூக்கைப் பார்த்தபடியே கொளுத்தி வைத்தேன்.