பொய் விளக்குக்குத் திரும்பிய விமானம்

இதை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். எழுத்து எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்போடு நானும் வாத்திமாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் தப்பிவிட்டோம். ஆனால் புத்தூரில் எங்கள் சபையில், நடுவானத்தில் கர்த்தர் நெருப்பை அணைத்தார் என்று ஒரு சாட்சி உலாவுகிறது. நெருப்பே இல்லை. அந்த விமானத்தில் நானும் இருந்தேன்.

போன பங்குனி மாதம். அம்மாவுக்கு இருதய வால்வு பழுது. சென்னையில் ஒப்பரேசனுக்கு நாள் குறித்தாயிற்று. அம்மாவோ விமானம் என்றாலே நடுங்குவார். கெஞ்சி, பகிடி விட்டுச் சிரிக்கவைத்து, அழுதுகூடப் பார்த்துத்தான் பலாலி விமான நிலையத்துக்குக் கூட்டி வந்தேன். இந்த முறை தவறினால் இன்னொரு முறை ஏறமாட்டார். வால்வும் காத்திராது.

கடலுக்கு மேலே வந்ததும் விமானம் சரிந்து திரும்பியது. பொதிகள் வைக்கும் அறையில் புகை என்று எச்சரிக்கை விளக்கு எரிகிறது, பலாலிக்கே திரும்புகிறோம் என்று விமானி அறிவித்தார். அம்மாவின் நகம் என் கையைக் கிழித்தது. எனக்கு ஒரு பகிடியும் வரவில்லை. "இயேசப்பா, அம்மாவைப் பத்திரமா இறக்கிவிடும். பிறகு திரும்ப ஏத்தியும் விடும்" என்று ஜெபித்தேன். இரண்டாவதுதான் கடினமான காரியம் என்று அப்போதே தெரியும்.

முன் இருக்கையில் எங்கள் சபையின் தேவராசா அங்கிள். "ஆண்டவரே, உயிரோடை இறக்கிவிடும். இனி ஒருத்தரோடையும் கோவிக்கமாட்டன்" என்று கதறினார்.

இறங்கினோம். தீயணைப்பு வண்டிகள் சூழ்ந்தன. அறையைத் திறந்தால் புகையும் இல்லை, நெருப்பும் இல்லை. விளக்குப் பொய் சொல்லியிருந்தது.

இனிக் கோவிக்கமாட்டேன் என்ற அங்கிளின் பொருத்தனை அந்த நிமிடமே செத்தது. வியர்த்து நனைந்த சட்டையோடு வந்து நின்ற விமானியைப் பிடித்துக்கொண்டார்.

"உமக்குப் பிளேன் ஓடத் தெரியுமோ தம்பி? ஒரு லைற்றுக்குப் பயந்து எங்கடை நாளை நாசமாக்கிப்போட்டீர்."

சற்று முன் அழுது ஜெபித்த மற்றவர்களும் சேர்ந்து கத்தினார்கள். சிலர் போனில் படம் பிடித்தார்கள்.

விமானி சென்னைப் பையன். "பறக்கும்போது அந்த அறைக்குள்ள போய்ப் பாக்க முடியாதுங்க. விளக்கு எரிஞ்சா நெருப்புன்னுதான் எடுத்துக்கணும்" என்றார்.

அப்போது ஊழியர்கள் ஒரு சாக்கைத் தூக்கி வந்தார்கள். சொட்டச் சொட்ட ஈரம். உள்ளே முருங்கைக்காய். அதன் ஆவியைத்தான் கருவி புகையென்று எடுத்திருக்க வேண்டும் என்றார்கள். கொடிகாமம் சந்தையில் காய் வாடாமலிருக்க எல்லோரும் ஈரச்சாக்கில்தான் சுற்றுவார்கள். அதை விமானத்தில் ஏற்றியவர் எங்கள் அங்கிள்.

"அங்கிள், சென்னையிலை முருங்கைக்காய் இல்லையோ?" என்று கேட்டேன்.

"எங்கடை காயின்ரை ருசி அங்கை வருமே?" என்றார். வெட்கமே இல்லை. பிறகு ஊருக்கு வந்து நெருப்புச் சாட்சி சொன்னவரும் அவரேதான்.

நான் பயந்து பயந்து அம்மாவைப் பார்த்தேன். வீட்டுக்குப் போவோம் என்று சொல்லப்போகிறார் என்றே நினைத்தேன். அவர் விமானியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உந்தப் பெடியனோடை நான் போவன்" என்றார். "பொய் விளக்குக்கே திரும்பினவன், மெய்யெண்டால் கவனியாமல் விடுவானே?"

பின்னேரம் அதே விமானம், அதே விமானி. சாக்கு மட்டும் இல்லை. அம்மா என் கையைப் பிடிக்காமலே படி ஏறினார். பின்னால் நின்று நான் அழுதேன். கேட்டது அதுதான். கர்த்தர் தந்ததும் அதுதான்.

ஒப்பரேசன் நல்லபடி முடிந்தது. இப்போது அம்மா மூச்சு வாங்காமல் என்னை ஏசுகிறார். அதற்கும் ஸ்தோத்திரம். எச்சரிக்கை எதையும் பார்த்து நான் இப்போது சிரிப்பதில்லை. நீங்களும் கர்த்தரிடம் கேளுங்கள். தந்த பிறகு, இல்லாத நெருப்பை மட்டும் மூட்டாதீர்கள்.

இதை முதலில் மயிலிட்டியில் கடற்றொழில் செய்யும் என் கூட்டாளி ரூபனுக்கு அனுப்பினேன். காற்று எச்சரிக்கை வந்தாலும், "உது சும்மா சொல்லுறாங்கள்" என்று படகை இறக்குகிறவன். இன்றைக்கும் எச்சரிக்கை வந்திருந்தது. பதில் போட்டான்:

"சரியடா, படகைக் கரையிலை இழுத்துப்போட்டன்; காத்தடிக்காட்டி உங்கடை அம்மாட்டைச் சொல்லு, உழைப்புப் போனதுக்குச் சாப்பாடு அங்கைதான்."