தகர வில்லையின் நடு இலக்கம்

பிள்ளைகளே, நீங்கள் மூன்று பேரும் என்னிடம் கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்வி ஒன்று இருக்கிறது. ஒரு நிமிடத்தில் வேலையை முடிக்கிற மென்பொருள் கணினியில் கிடக்கும்போது, அப்பா ஏன் அந்த நத்தையோடு மல்லுக்கட்டுகிறார்? ஒவ்வொரு முறையும் "அது அப்பிடித்தான்" என்று சொல்லி எழும்பிப் போய்விடுவேன். சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போது எழுதுகிறேன். சாதாரணதரப் பரீட்சையோடு படிப்பை விட்டவன் எழுதுவது இது. எழுத்துப் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். விசயத்தைத் திருத்த வேண்டாம்.

நெளுக்குளத்தில் நமது ஸ்ரூடியோவைத் தேடி ஆட்கள் வந்தது அடையாள அட்டைப் படத்துக்காக மட்டுமல்ல. இடப்பெயர்வில் நனைந்த படங்கள், பங்கர்க் குழிக்குள் புதைத்துவைத்து எடுத்த படங்கள், கறையான் தின்ற படங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. ஒரு கண் அழிந்திருந்தால் மற்றக் கண்ணைத் திருப்பி ஒட்டுவேன். இரண்டும் இல்லையென்றால் வேறு யாருடைய படத்திலிருந்தாவது இரவல் எடுப்பேன். வாங்கிப் போகிறவர்கள் "அச்சொட்டா அவரேதான்" என்று சொல்லி அழுவார்கள். அந்த அழுகைதான் எனக்குச் சான்றிதழ். நம் வீட்டுச் சுவரில் தொங்கும் உங்கள் அப்பப்பாவின், என் அப்பாவின், படமும் அப்படி நான் சரிசெய்ததுதான். அதைப் பார்த்துத்தான் அம்மா சின்னவனைப் பிடித்துவைத்து, "அப்பப்பாவின்ர நாடி அப்பிடியே இவனுக்கு" என்று மோவாயைக் கிள்ளுவா.

போனில் எல்லாரும் படம் பிடிக்கத் தொடங்கிய பிறகு வேலை குறைந்தது. அப்போதுதான் வவுனியா ரவுணில் இருந்து, தபால் கந்தோரில் வேலைசெய்து பென்சன் எடுத்த ஐயா ஒருவர் ஒரு பிஸ்கட் பெட்டியோடு வந்தார். உள்ளே பழைய காசுகள். ஒவ்வொன்றையும் இரண்டு பக்கமும் தெளிவாகப் படமெடுத்துத் தரவேண்டும் என்றார். சின்ன வேலைதானே என்று வாங்கிவிட்டேன்.

காசைப் படமெடுப்பது ஆளைப் படமெடுப்பதைவிடக் கரைச்சல். கிட்டப்போனால் காசில் உள்ள ராசாவின் மூக்கு தெளிவாக வரும். காதும் சுற்றியுள்ள எழுத்தும் புகை மாதிரி மங்கிவிடும். அதற்குத் தீர்வு, கமராவைக் காசுக்கு மேலே கீழ்நோக்கிக் கட்டி, மயிரிழை மயிரிழையாக இறக்கி நாற்பது படம் எடுப்பது. ஒவ்வொரு படத்திலும் ஒரு படை, ஒரு மெல்லிய அடுக்கு, மட்டும் தெளிவாக இருக்கும். அந்தத் தெளிந்த படைகளை மட்டும் பொறுக்கி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒரே படமாக்கித் தர ஒரு மென்பொருள் வேண்டும். இறக்குவதற்குப் பழைய தையல் மெசினின் திருகாணி ஒன்றைப் பூட்டினேன். வெளிச்சம் கூசாமல் இருக்க வெள்ளைச் சாரத் துணியைக் கிழித்துக் கட்டினேன். றோட்டில் மணல் டிப்பர் போனால் நாற்பதும் நடுங்கிப் பாழாகும். மறுபடி முதலில் இருந்து.

மென்பொருள் மூன்று பார்த்தேன். முதலாவது இலவசம். நீங்கள் நத்தை என்று சொல்வது இதைத்தான். அரசாங்கக் கச்சேரிப் படிவம் மாதிரி எல்லாவற்றையும் கேட்கும். முக்கால் மணித்தியாலம் எடுக்கும். கடைசியில் காசில் ஊத்தை இருந்தால் ஊத்தையாகவே காட்டும். இரண்டாவது, காசு கொடுத்து வாங்கும்வரை படத்துக்குக் குறுக்கே தன் பெயரை எழுதிக்கொண்டே இருந்தது. மூன்றாவது புதிது, செயற்கை நுண்ணறிவு என்று போட்டிருந்தது. படங்களைப் போட்டுவிட்டு ஒருக்கால் இருமி முடிப்பதற்குள் காசு பளிச்சென்று வந்து நின்றது. அழிந்த இடம் அழியாமல், தேய்ந்த எழுத்து தேயாமல்.

அம்மா எட்டிப் பார்த்தா. "இஞ்சருங்கோ, நேற்று அச்சடிச்ச காசு மாதிரியெல்லோ கிடக்கு!"

எனக்கு உச்சி குளிர்ந்தது. இத்தனை வருடம் நான் கையால் செய்த வேலையை இது தானாகவே செய்கிறது என்று நினைத்தேன். மூன்றாவதையே தெரிவுசெய்தேன். மூத்தவளே, இணையத்தில் இருந்து இறக்கித் தந்தது நீ. தெரிவுசெய்தது நான். அதை மாற்றி யோசிக்காதே.

அந்தக் கிழமைதான் அக்கா வந்தா. உங்களுக்கும் தெரியும், கச்சான் கடலை கொண்டுவந்து தருகிற அக்கா. கலவரத்துக்குப் பயந்து மலையகத் தேயிலைத் தோட்டத்தை விட்டு வன்னிக் காட்டோரம் வந்து குடியிருந்த குடும்பம். அவவின் கலியாணப் படமும் நான் எடுத்ததுதான்.

கைலேஞ்சி முடிச்சை அவிழ்த்து மேசையில் வைத்தா. காசளவில் ஒரு தகர வில்லை, மேலே துளை. "எங்கப்பாவோட தாத்தா கழுத்துல போட்டிருந்தது தம்பி. அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து கப்பல்ல வர்றவங்களுக்கு நம்பரு அடிச்ச தகரம் குடுப்பாங்களாம். நம்பர வச்சு எந்தத் தோட்டத்துக்குப் போனாங்கன்னு சொல்லிரலாமாம். மலையில ஒரு பள்ளிக்கூட மாஸ்டர்கிட்ட பழைய பட்டியல் இருக்கு. தெளிவா ஒரு படம் கேட்டாரு."

"இப்ப என்னத்துக்கு அக்கா அவசரம்?"

"அப்பா படுக்கையில விழுந்துட்டாரு. நாம மொதல்ல கால வச்ச தோட்டம் எதுன்னு தெரியாமலே போறேனேங்கிறாரு. ஒரு தடவ நான் போயி மிதிச்சிட்டு வந்து சொல்லணும். அவ்வளவுதான்."

மூன்று இலக்கம். முதலாவது 2, கடைசி 7. நடுவில் ஏதோ அடிபட்டுப் பள்ளம். அக்காவின் சாமான் என்பதால் பஞ்சிப்படாமல், சோம்பாமல், நாற்பது படமும் எடுத்தேன். மூன்றாவது மென்பொருளுக்குள் போட்டேன். 237 என்று வந்தது, கல்லில் கொத்தியதுபோல.

படத்தைப் பார்த்த பிறகு தகரத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். தகரத்திலும் 3 தெரிந்தது. சத்தியமாகத் தெரிந்தது. அக்காவும் பார்த்தா. அவவுக்கும் தெரிந்தது. படத்தை போனில் மாஸ்டருக்கு அனுப்பினோம். பின்னேரமே தோட்டத்தின் பெயர் வந்துவிட்டது. அக்கா என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனா.

மூன்று கிழமை கழித்து, பென்சன் ஐயா பிஸ்கட் பெட்டியோடு திரும்பி வந்தார். கதிரையில் உட்காரவில்லை. நான் கொடுத்த படங்களில் ஒன்றை எடுத்து மேசையில் போட்டார்.

"தம்பி, இது ஆரின்ர காசு?"

"நீங்கள் தந்ததுதானே ஐயா."

"நான் தந்த காசில ராசாவின்ர தாடி தேஞ்சு மொழுக்கெண்டு கிடக்கு. நீர் மயிர் மயிரா வளத்து வைச்சிருக்கிறீர். சலூனும் திறந்திட்டீரோ?"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"தேய்மானத்தைப் பாத்துத்தான் காசை மதிக்கிறது. இதைக் கொண்டுபோய்க் காட்டினா என்னைக் கள்ளன் எண்டுவினம். இந்தா, இந்த எழுத்தைப் பாரும். இது என்ர காசில இல்லவேயில்லை. உம்மட மிசின் தன்ர பாட்டுக்கு எழுதியிருக்கு."

அவர் தாடியைப் பற்றித் தொடர்ந்து கதைத்துக்கொண்டிருந்தார். என் காதில் அது விழவில்லை. 237 என்ற இலக்கம்தான் விழுந்துகொண்டிருந்தது. எல்லாவற்றையும் திரும்ப எடுத்துத் தருகிறேன் என்று அவரை எப்படியோ அனுப்பினேன்.

அக்காவின் தகரத்தின் நாற்பது படமும் கணினியில் இருந்தன. அவற்றை அந்த நத்தைக்குள் போட்டேன். முக்கால் மணித்தியாலம். அம்மா கொண்டுவந்து வைத்த தேத்தண்ணி ஆடை கட்டியது. படம் வந்தது. 2, பிறகு பள்ளம், பிறகு 7. பள்ளத்துக்குள் ஒரு கோடும் இல்லை. துருவும் சப்பளிந்த தகரமும்தான்.

அப்போதும் மனம் விடவில்லை. புதியதற்கு ஏதாவது தெரிந்திருக்கும், நத்தைக்குத்தான் கண் இல்லை என்று எனக்கு நானே சொன்னேன். அதே நாற்பது படங்களையும் மறுபடி மூன்றாவதுக்குள் போட்டேன்.

287 என்று வந்தது.

அதே தகரம், அதே படங்கள், அதே கணினி. போன முறை 3. இந்த முறை 8. இரண்டும் அதே பளபளப்பு, அதே உறுதி. கொஞ்சமும் தடுமாற்றம் இல்லை. மனிசன் பொய் சொன்னால்கூட இமை ஆடும். மூன்றாம் முறை போட எனக்குக் கை வரவில்லை. அம்மா வந்து தோளைத் தட்டினா. "என்னப்பா, ஆரும் செத்துப்போச்சினமோ?"

மூன்று படத்தையும் அச்சடித்து எடுத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனேன். அக்கா தோட்டத்தில் கச்சான் பிடுங்கிக்கொண்டிருந்தா. என்னைக் கண்டதும் மண் கையோடு ஓடி வந்தா. நான் வாயைத் திறக்கவே விடவில்லை.

"போயிட்டு வந்துட்டேன் தம்பி! போன கெழமைதான். உங்க புண்ணியம். லயத்து வீட்டு வரிசையில ஒரு குடும்பம், விசயத்தக் கேட்டதும் உள்ள கூப்பிட்டாங்க. அவங்க வழியிலயும் ஒருத்தரு பிரிஞ்சு போனாராம். அப்ப நாம சொந்தந்தான்னு சொல்லிச் சோறு போட்டாங்க. வரும்போது போத்தல்ல மண்ணு அள்ளிக் குடுத்தாங்க. அப்பா அத நெத்தியில பூசிக்கிட்டாரு."

வரம்பில் குந்திவிட்டேன். பிறகு சொன்னேன். எப்படித் தொடங்கினேன், எப்படி முடித்தேன் என்பது இப்போது ஞாபகமில்லை. மூன்று படங்களையும் அவவின் முன்னால் விரித்தது மட்டும் ஞாபகம்.

அக்கா 3-ஐப் பார்த்தா. 8-ஐப் பார்த்தா. பள்ளத்தைப் பார்த்தா. கையில் இருந்த கச்சான் செடியின் மண்ணை உதறிக்கொண்டே இருந்தா.

"என் கல்யாணப் படத்துல என் கறுப்பு மொகத்துக்கு வெள்ளையடிச்சீங்க. பரவாயில்லன்னு விட்டேன். இதுக்குமா தம்பி வெள்ளையடிப்பீங்க?"

நான் படங்களைப் பொறுக்கி அடுக்கினேன். அவ விடவில்லை.

"சோறு போட்ட அந்தச் சனத்துக்கு இனி யாரு சொல்றது?"

"நான் கதைக்கிறன் அக்கா."

"வேணாம். சொந்தம் கொண்டாடுனது நானு. நானே சொல்லிக்கிறேன். உள்ள கெடக்குறாரே, அவருக்கு நீங்க சொல்லுங்க."

உள்ளே அவவின் அப்பா கட்டிலில் சரிந்து படுத்திருந்தார். தலைமாட்டில் மண் போத்தல். நான் நின்றபடியே சொன்னேன். அவர் முழுவதையும் கேட்டார். பிறகு தலையணைக்கு அடியில் இருந்து தகரத்தை எடுத்து, நடுப் பள்ளத்தில் பெருவிரலை வைத்தார். விரல் அதற்குள் அளவாக அமர்ந்தது.

"இது நான் சின்னப் பயலா இருக்கையிலயே பள்ளந்தான்" என்றார். "தாத்தா மடியில உக்காந்து இப்புடித்தான் வெரல வச்சு வெளையாடுவேன். நம்பரு தெரியுதுன்னு இவ வந்து சொன்னா. சரி, கம்பியூட்டருக்குத் தெரியும்போலன்னு இருந்துட்டேன்."

என் அதிர்ச்சியில் பெரியது இதுதான், பிள்ளைகளே. அந்த மனிசனுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். கமராவுக்குத் திருகாணி தேடினேன், மூன்று மென்பொருள் தேடினேன். அந்தத் தகரத்தை வைத்திருந்தவரைக் கேட்கத் தோன்றவில்லை.

"ஐயா, அந்த மண்..." என்று இழுத்தேன்.

"மண்ணு மண்ணுதானே, இருந்துட்டுப் போகுது. தோட்டத்துப் பேர மட்டும் இனி இந்த வீட்டுல யாரும் சொல்லாதீங்க. எது நம்ம தோட்டமுன்னு தெரியல. அப்புடியே இருக்கட்டும்." பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்: "பள்ளம் தெரியிற படம் ஒண்ணு இருக்குன்னீங்களே, அதப் பெருசா போட்டுத் தருவீங்களா?"

அடுத்த நாள் அதைப் பெரிதாக அச்சடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். துருவில் ஒரு புள்ளியைக்கூடத் தொடவில்லை. அக்கா வாங்கினா. தேத்தண்ணி தந்தா. என்னோடு அதிகம் கதைக்கவில்லை. மாஸ்டருக்கும் அந்தப் படத்தை அனுப்பி, முன்னையது பிழை என்று சொன்னேன். லயத்துக் குடும்பத்துக்கு அக்கா என்ன சொன்னா என்று இன்றுவரைக்கும் கேட்கத் துணியவில்லை. பென்சன் ஐயாவின் காசுகள் எல்லாவற்றையும் நத்தையிலேயே திரும்பச் செய்தேன். ராசா மொழுக்கென்று வந்தார். ஐயாவுக்குத் திருப்தி.

அந்தப் படத்தைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டில் இருந்து திரும்பி வந்தபோது நேரம் மத்தியானம். நீங்கள் பள்ளிக்கூடத்தில், அம்மா சந்தையில். கதிரை ஒன்றை இழுத்துப்போட்டு ஏறி, அப்பப்பாவின் படத்தைச் சுவரில் இருந்து கழற்றினேன். அவர் செத்தபோது நான் கைக்குழந்தை. எனக்கு அவர் முகம் தெரியாது. என்னிடம் வந்த ஒரேயொரு படத்தில் வாய்க்குக் கீழே முழுவதையும் கறையான் தின்றிருந்தது. படத்தைக் கவிழ்த்து மேசையில் வைத்து, சட்டத்தின் ஆணிகளை நெம்பி அட்டையை எடுத்தேன். பென்சிலைச் சீவி, படத்தின் பின்பக்கத்தில் எழுதினேன்: "நாடி இவருடையது அல்ல. ஸ்ரூடியோவுக்கு அடையாள அட்டைப் படம் எடுக்க வந்த, பெயர் தெரியாத ஒருவருடையது." கீழே என் கையெழுத்தை வைத்து, அட்டையை மூடி, ஆணிகளை அடித்து, படத்தைப் பழைய இடத்திலேயே மாட்டினேன்.