திங்கட்கிழமை கெட்டுப்போகவிருந்த தண்ணீர்

கொரோனாவுக்காக ஊரையே பூட்டி வைத்திருந்த அந்த முதல் கோடையில் நடந்தது இது. புதுச்சேரி டவுனுக்கு வெளியே, சேதராப்பட்டில், தொழிற்பேட்டையை ஒட்டிய தெருவில் எங்கள் வீடு. அங்கேயே ஒரு சின்ன கம்பெனியில் எனக்கு வேலை. இரும்புச் சாமான்களுக்கு முலாம் பூசும் இடம். ஆசிட்டில் முக்கி எடுத்ததைத் தண்ணீரில் அலசுவது என் வேலை.

எங்கள் தெரு அடிபம்புத் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடிக்க கேன் வாங்கிவிடுவோம். குளிக்க, துவைக்க பம்புத் தண்ணீர்தான். மஞ்சளாக வரும், வாளியில் கறை பிடிக்கும். குளித்தாலே என் மகளுக்கு உடம்பு அரிக்கும். சொறிந்து சொறிந்து கால் முழுக்கப் புண்.

கம்பெனிகள் மூடி ஒரு மாதத்துக்கு மேல் ஆனபோது தண்ணீர் தெளிய ஆரம்பித்தது. நான் முதலில் நம்பவில்லை. ஆனால் மகளின் கால் ஆறியது. சொறியாமல் தூங்கினாள். எனக்கு வேலை இல்லை, வீட்டுக்காரரின் லோடு ஆட்டோவும் ஓடவில்லை. ஆனாலும் அவள் தூங்குவதைப் பார்க்க அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

பிறகு, திங்கட்கிழமை கம்பெனி திறக்கப் போவதாகச் சொல்லி அனுப்பினார்கள். உடனே எங்கள் தெரு செய்த காரியத்தைக் கேளுங்கள். குடம், அண்டா, டிரம், இட்லிப் பானை வரை எல்லாவற்றிலும் தண்ணீர் பிடித்து வைத்தோம்.

"நாளைக்கு கம்பெனி தொறக்குதுல்ல, நல்ல தண்ணி பூடும். இன்னிக்கே புடிச்சி வச்சிக்கோக்கா" என்று பக்கத்து வீட்டுக்காரி என்னை அவசரப்படுத்தினாள். அவளும் என்னோடு அலசும் வேலை செய்பவள்தான். மழை வருகிறது, துணியை எடு என்பதுபோல் சொன்னாள். நானும் அப்படித்தான் கேட்டுக்கொண்டேன். "கல்யாண வீடு தோத்துச்சி போ" என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்தார்.

திங்கட்கிழமை மதியத்துக்குள் கம்பெனியில் அலசிய ஆசிட் தண்ணீர் சேரும் கழிவுத்தொட்டி நிறைந்துவிட்டது. லாரி வந்து அதை எடுத்துப் போக வேண்டும். ஆனால் பின்பக்கத்து மண்குழியில் விட்டு, நிலத்துக்குள் இறங்க விடுவதுதான் அங்கே வழக்கம். "வால்வ தொறந்து வுடும்மா" என்றார் சூப்பர்வைசர்.

வால்வில் கை வைத்தேன். முந்தின நாள் அவ்வளவு பாடுபட்டு அண்டாவை நிறைத்தது யாரிடமிருந்து தண்ணீரைக் காப்பாற்ற? என்னிடமிருந்துதான். குழித் தண்ணீர் எங்கே போகும் என்று எனக்குத் தெரியாது என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கம்பெனி செய்கிறது என்றுதான் நினைத்திருந்தேன், நான் செய்கிறேன் என்று நினைத்ததில்லை. வால்விலிருந்து கையை எடுத்தேன்.

"லாரி வரட்டும் சார்" என்றேன்.

"அது வர்ற வரைக்கும் வேலைய நிறுத்தறதா? இஷ்டம் இல்லன்னா வூட்டுக்குப் போ. வேற ஆளு இருக்கு" என்று சொல்லி, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிட்டார்.

அவள் வந்தாள். வால்வைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அவள் திறந்துவிட்டால் என் வேலை போனதுதான் மிச்சம். "நானும் அதே தெருதான் சார்" என்று மெதுவாகச் சொல்லி என் பக்கத்தில் வந்து நின்றாள். சூப்பர்வைசர் எங்கள் இருவரையும் திட்டிக்கொண்டே போனை எடுத்தார். சாயங்காலம் லாரி வந்தது.

இன்றும் அங்கேதான் வேலை செய்கிறோம். லாரி தாமதமானால் அலசுவதை நிறுத்திவிடுவோம், வசவு வாங்குவோம். ஆனால் தொழிற்பேட்டையில் எங்கள் கம்பெனி மட்டுமா இருக்கிறது? அந்தக் கோடையில் வந்த தண்ணீர் மறுபடி வரவில்லை. மகளுக்கு அவ்வப்போது அரிக்கிறது, முன்போல் புண்ணாவதில்லை. அரிக்கிறது என்று அவள் காலை நீட்டும்போது, இதை உன் அம்மா செய்யவில்லை என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடிகிறது. அது எனக்குப் போதவில்லை, ஆனால் அதையும் இனி யாருக்காகவும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.