ஆர்கன் பெஞ்சில் பாதி இடம்

சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடும் அசனப் பண்டிகை முடிந்த மறு செவ்வாய்க்கிழமை காலையில் எனக்குப் பக்கவாதம் வந்தது. சமையலறையில் நின்று காப்பி ஆற்றிக்கொண்டிருந்தேன். இடது கையில் இருந்த டம்ளர் தானாக நழுவிக் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். இடது கால் வரவில்லை. என் வீட்டுக்காரர் ஓடி வந்து முகத்தைப் பார்த்துவிட்டு, "என்னட்டி, வாய் ஒரு பக்கமா இழுக்கு" என்றார். பதில் சொல்ல நினைத்தேன். நாக்கு புரளவில்லை. தெருவில் நின்ற ஆட்டோவில் தூக்கிப் போட்டு, ஆற்றுப் பாலத்தைத் தாண்டிப் பாளையங்கோட்டைக்குக் கொண்டு போனார்கள். சீக்கிரம் கொண்டு வந்ததால் பிழைத்தேன் என்று டாக்டர் சொன்னார். நாக்கு இரண்டு நாளில் திரும்பியது. இடது கையும் இடது காலும் திரும்பவில்லை.

அப்படிக் கிடக்கும் ஒரு விசுவாசி முதலில் யாரை நினைக்க வேண்டும்? ஆண்டவரை நினைக்க வேண்டும். புருஷனையும் பிள்ளையையும் நினைக்க வேண்டும். நான் நினைத்ததெல்லாம், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆர்கனில் யார் உட்காருவார்கள் என்பதுதான். யார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்த நினைப்பில்தான் ஆஸ்பத்திரியில் முதல் தடவையாக அழுதேன். பக்கத்துக் கட்டில் அம்மா, கை போன துக்கத்தில் அழுகிறேன் என்று நினைத்து ஆறுதல் சொன்னார்கள். நானும் அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்பானவர்களே, எனக்கு இருந்தது இரண்டு வியாதி. ஒன்று ஸ்கேனில் தெரிந்தது. மற்றது பொறாமை. அது எந்த ஸ்கேனிலும் தெரியாது. இரண்டாவதை மறைத்துவிட்டு முதலாவதை மட்டும் எழுதினால் இது பாதிச் சாட்சிதான்.

எங்கள் கோயிலில் இருப்பது மிஷனெரிகள் காலத்தில் கப்பலில் வந்த கால்மிதி ஆர்கன். கீழே இரண்டு மிதிகள் இருக்கும். இரண்டு காலாலும் மாறி மாறி மிதித்தால் உள்ளே காற்று ஏறும். மிதி நின்றால் காற்று இறங்கும், சத்தமும் இறங்கிவிடும். பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்த வருஷம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் எழும்பவில்லை. விரல் வைத்து வாசிக்கிற கட்டைகளில் நடுவில் ஒன்று, மழைக் காலத்தில் அமுங்கினால் மேலே வராது. அதை நகத்தால் தூக்கிவிட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். அது எனக்கு மட்டும்தான் தெரியும். அதில் எனக்கு எவ்வளவு பெருமை என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் எங்கள் சபைகள் சேர்ந்த சேகரத்துக்குப் புது ஐயர், அதாவது புதுப் போதகர், மாற்றலாகி வந்தார்கள். அவர் மனைவி ஐயரம்மாவுக்கு என் மகள் வயதுதான் இருக்கும். ஆங்கிலேய சங்கீதத்தில் எட்டாம் கிரேடு வரை பரீட்சை எழுதியவர்கள். எனக்கோ டோ, ரே, மீ என்று எழுத்தில் படிக்கிற சோல்ஃபா மட்டும்தான் தெரியும். வந்த புதிதில் அவர்கள் பாடகர் குழுவில் பெண்களின் கீழ்க்குரலான ஆல்டோ வரிசையில் சும்மா நின்று பாடினார்கள். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அப்புறம் திசையன்விளையில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியதாயிற்று. அந்த ஞாயிறு ஐயரம்மா வாசித்தார்கள். நான் திரும்பி வந்தால் ஊரெல்லாம் அதே பேச்சு. பாடகர் குழுவை நடத்துகிற எங்கள் குயர் மாஸ்டர் தேவசகாயம் அண்ணாச்சி என்னைப் பார்த்ததும், "டீச்சர், நம்ம ஆர்கனுக்குள்ள இவ்வளவு சத்தம் இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது" என்றார். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு பேசுகிறவர் இல்லை அவர். அன்றைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த தடவை வெளியூருக்குப் போனபோது ஆர்கன் மூடியின் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டேன். அந்த ஞாயிறு சபையார் ஆர்கன் இல்லாமல் பாடினார்கள். "ஐயோ, மறந்துட்டேனே" என்று வந்து சொன்னேன். ஐயரம்மா பெஞ்சில் ஒரு சின்னத் திண்டு வாங்கிப் போட்டார்கள், என் முதுகுக்கு நல்லது என்று. அதைத் தூக்கிப் பழைய அங்கிகள் கிடக்கும் அலமாரியில் போட்டேன். "அக்கா, அக்கா" என்று வருவார்கள். வெளியில் நான் "சொல்லுங்கம்மா" என்பேன். உள்ளுக்குள் மரியாதை கிடையாது. ஐயருக்கு மாற்றல் வர வேண்டும் என்று முழங்கால் போட்டு ஜெபித்தேன். அந்த வருஷ லிஸ்டில் அவர்கள் பெயர் வரவில்லை. ஆண்டவர் பேரிலும் எனக்கு வருத்தம்.

இந்த நிலைமையில்தான் பக்கவாதம் வந்தது. ஆஸ்பத்திரிக்கு ஐயரம்மா மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் தூங்குகிற மாதிரி படுத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்த பிறகு ஒரே ஜெபம்தான். "ஆண்டவரே, கிறிஸ்மஸ் கேரல் ஆராதனைக்குள் என் இடது கையைத் தாரும்." வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்தேன். ரப்பர் பந்தை அமுக்கி அமுக்கி என் வீட்டுக்காரருக்கே அலுத்துப்போயிற்று. கை வரவில்லை. கட்டைவிரல் மட்டும் லேசாக அசைந்தது. கால் மட்டும் கம்பு ஊன்றி இழுத்து நடக்கிற அளவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, ஐயரம்மா எங்கே தப்பு விடுவார்கள் என்று காது கொடுத்துக்கொண்டே இருந்தேன். பிரசங்கத்தில் என்ன சொன்னார்கள் என்று கேட்டால் தெரியாது. ஒரு நாள் கடைசிப் பாமாலைப் பாட்டில் அவர்கள் விரல் ஒரு கட்டையில் தவறி விழுந்தது. அந்த ஒரு தப்பை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சந்தோஷமாக இருந்தேன்.

கிறிஸ்மஸுக்கு முந்திய அட்வெந்து நாட்களில், இரண்டாம் வாரத்தில் ஒரு சாயங்காலம் ஐயரம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். தூங்குகிற மாதிரி படுக்க நேரமில்லை.

"அக்கா, குயர் என்கூட சேர மாட்டேங்கு" என்றார்கள். "நீங்க மூச்சு விடுற இடத்துலதான் அவங்களும் மூச்சு விடுதாவ. இத்தன வருஷப் பழக்கம்லா. அது எந்த இடம்னு எனக்குப் பிடிபடல. நீங்க வலது கையால வாசிங்க, வலது மிதியையும் பாத்துக்கிடுங்க. இடது கையும் இடது மிதியும் நான் பாக்கேன். ரெண்டு பேரும் ஒரே பெஞ்சுல உட்காருவோம்."

இரக்கப்பட்டுக் கூப்பிடுகிறார்கள் என்று எனக்கு எரிச்சல் வந்தது. யோசித்துச் சொல்கிறேன் என்றேன். அவர்கள் போன பிறகு என் வீட்டுக்காரர், "போயேன்ட்டி. பாதி ஆர்கனாவது கிடைக்கும்லா" என்றார். அவர் கேலியாகத்தான் சொன்னார். எனக்கு அது சரியாகப் பட்டது. முழுப் பெஞ்சையும் அவர்களுக்கு விட்டுக்கொடுப்பதற்குப் பாதிப் பெஞ்சு மேல். அன்பினால் போனேன் என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் பொறாமையினால்தான் போனேன்.

இரண்டு வாரம் பழகினோம். முதல் நாள் இரண்டு பேர் மிதியும் சேரவே இல்லை. ஆர்கன் இளைப்பு வந்தவர் மாதிரி இழுத்து இழுத்துப் பாடியது. குயரில் இருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நாலாவது நாள் கால்கள் சேர்ந்துகொண்டன. என் கால் இறங்கும்போது அவர்கள் கால் ஏறும். உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே இருந்தது. அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

கேரல் ஆராதனை கிறிஸ்மஸுக்கு முந்திய ஞாயிறு சாயங்காலம். கோயில் நிறைந்து வெளியிலும் ஆட்கள் நின்றார்கள். மூன்றாவது பாட்டில் ஒரு சரணத்தை ஆண்கள் வரிசைகளான டெனரும் பாஸும் மட்டும் பாடுவார்கள். அங்கே ஆர்கனில் இடது கைக்கு மட்டும்தான் வேலை. என் வலது கையை மடியில் வைத்துக்கொண்டேன். ஐயரம்மாவின் இடது கை தனியாக இறங்கி நடந்தது. ஆண்கள் குரல் அதன் மேல் எழும்பியது. எனக்கே உடம்பு சிலிர்த்தது. அந்த நேரம் பார்த்து தேவசகாயம் அண்ணாச்சி ஐயரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். இத்தனை வருஷத்தில் என்னைப் பார்த்து அவர் அப்படிச் சிரித்ததே இல்லை.

என் வலது காலை நிறுத்தினேன்.

தெரிந்துதான் நிறுத்தினேன். ஆர்கன் சத்தம் தொய்ந்து கீழே இறங்கியது. பாஸ் வரிசையில் ஒருவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு மூச்சு போயிருந்தால் பாட்டு நின்றிருக்கும். ஐயரம்மாவின் இடது கால் படபடவென்று இரட்டையாக மிதித்தது. அதுவும் போதவில்லை. அப்போது என் பாதத்தின் மேல் ஒரு பாதம் வந்து உட்கார்ந்தது. ஐயரம்மா தன் வலது காலை நீட்டி, என் காலோடு சேர்த்து மிதியை அமுக்கினார்கள். என் கால் அவர்கள் காலுக்குக் கீழே ஏறி இறங்கியது. காற்று திரும்பவும் நிறைந்தது. அவர்கள் இடது கை வாசிப்பை விடவே இல்லை. முகத்தைத் திருப்பாமல் என் காதுப் பக்கம், "காலு மரத்துட்டாக்கா? பரவால்ல, பைய இருங்க" என்றார்கள்.

ஆராதனை முடிந்ததும், "ஆஸ்பத்திரிக்குப் போவோமா?" என்று கேட்டார்கள். "வேண்டாம், சரியாப் போச்சு" என்று பொய் சொன்னேன். தேவசகாயம் அண்ணாச்சி வந்து, "நடுவுல என்ன, காத்து இறங்கிட்டே?" என்றார். நான் கம்பைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன். "என் மிதி தப்பிட்டு அண்ணாச்சி, மன்னிச்சுக்கிடுங்க" என்றார்கள் ஐயரம்மா.

வீட்டில் குடும்ப ஜெபத்தில் என் வீட்டுக்காரர், "இவ திரும்ப ஆர்கன்ல உட்கார்ந்ததுக்கு ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று ஜெபித்தார். எனக்கு ஆமென் வாயில் வரவில்லை. மறு நாளும் வரவில்லை. "என்னட்டி, ஆமென் கூட சொல்ல மாட்டியா?" என்று கேட்டார். மூன்றாம் நாள் மத்தியானம் அவர் கடைக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். முழங்கால் போட முடியாது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தபடியே, "ஆண்டவரே, கை வேண்டாம். உமக்கு இஷ்டமிருந்தால் தாரும், இல்லாவிட்டால் விட்டுவிடும். இந்தப் பொறாமையை மட்டும் எடுத்துப்போடும். இது என்னைத் தின்கிறது" என்று ஜெபித்தேன். இதுவரை நான் செய்ததிலே அதுதான் கள்ளமில்லாத ஜெபம்.

கம்பை ஊன்றிக்கொண்டு அப்படியே ஐயர் குடும்பம் இருக்கும் குருமனைக்குப் போனேன். ஐயரம்மா உட்கார வைத்துக் காப்பி கொண்டு வந்தார்கள். ஒரு டம்ளர்தான். "உங்களுக்கு?" என்றேன். "இன்னைக்கு வேண்டாம்க்கா" என்றார்கள்.

"எனக்குக் காலு மரக்கல" என்றேன். "நான் வேணும்னுதான் நிறுத்தினேன். அண்ணாச்சி உங்களப் பாத்துச் சிரிச்சாவ. எனக்குப் பொறுக்கல." சாவியைச் சொன்னேன், திண்டைச் சொன்னேன், மாற்றலுக்கு ஜெபித்ததையும் சொன்னேன்.

உடனே மன்னித்துவிட்டார்கள் என்று எழுத முடியாது. அவர்கள் முகம் சிவந்துபோனது. கண்ணில் தண்ணீர் வந்தது.

"உங்களுக்கு இந்தப் பக்கமும் போயிட்டுன்னு நெனச்சேன்க்கா. பாட்ட நிறுத்திட்டுக் கத்தணுமா, வாசிக்கணுமான்னு தெரியாம நடுங்கிட்டே வாசிச்சேன். மூணு நாளா உங்க வலது காலுக்காவ உபவாசம் இருக்கேன். பச்சத் தண்ணிதான் குடிக்கேன். கிறிஸ்மஸ் வேலைய எல்லாம் போட்டுட்டு, நல்லா இருக்கிற ஒரு காலுக்காவ பட்டினி கெடக்கேன்!"

எழும்பி உள்ளே போனார்கள். திரும்பி வரும்போது கையில் இன்னொரு டம்ளர் காப்பி இருந்தது. "இனி எதுக்கு நான் பட்டினி கெடக்கணும்?" என்றார்கள்.

"ஐயரம்மா, அந்த ஜெபத்த மட்டும் நிறுத்திராதீங்க" என்றேன். "இந்தக் காலுக்கு அது வேணும்."

என்னைப் பார்த்துக்கொண்டே ஒரு வாய் குடித்தார்கள். "ஜெபம் பண்ணுதேன். காப்பியும் குடிக்கேன்" என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களுக்கும் வந்தது. பிறகு என் வலது முழங்காலில் கையை வைத்து, சின்னதாக ஒரு ஜெபம் செய்தார்கள். நான் ஆமென் சொன்னேன்.

சகோதர சகோதரிகளே, என் இடது கை இன்னும் முழுதாக வரவில்லை. ஈஸ்டருக்குள் இரண்டு விரல் வந்தது, அதற்கும் ஸ்தோத்திரம். ஞாயிறுதோறும் ஐயரம்மாவும் நானும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறோம். பொறாமை ஒரே நாளில் பறந்துபோய்விட்டது என்று நான் சொல்ல மாட்டேன். குருத்தோலை ஞாயிறு அன்று யாரோ வந்து, "ஐயரம்மா, உங்க இடது கை பிரமாதம்" என்றபோது எனக்குள் சுருக்கென்றது. முன்பானால் வீட்டுக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்துக்கொண்டிருப்பேன். இப்போது அவர்களிடமே, "எனக்குச் சுருக்குங்கு, ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிடுகிறேன். உங்களுக்கும் யார் பேரிலாவது மனதில் இப்படி ஒன்று இருந்தால், ஆண்டவரிடம் சொல்லிவிட்டு அவர்களிடமும் போய்ச் சொல்லிவிடுங்கள். அவர்கள் கோபப்படுவார்கள். கோபப்படட்டும். ஆண்டவர் கைவிட மாட்டார்.

வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமையாக நான் என் கைக்காகச் செய்த ஜெபம் இன்னும் பாதியில்தான் நிற்கிறது. வியாதியே இல்லாத காலுக்காக ஒருவர் மூன்று நாள் பட்டினி கிடந்து செய்த ஜெபத்தை ஆண்டவர் முழுதாகக் கேட்டுவிட்டார். அன்றிலிருந்து என் வலது கால் ஒரு பாட்டிலும் நின்றதில்லை.